புளியரை எடைமேடை, இரவுப் பணி

வைக்கோல் லாரி மேடையேறி நின்றதும்
சிவப்பு இலக்கங்கள் கொஞ்சம் நடுங்கி
ஒன்பது டன் நூற்றிருபதில் அடங்கின.
எனக்கு எடை முக்கியமில்லை.
சீட்டின் தலையில் மெஷின் தானாக அடித்த வரிசை எண்:
73939133.

கூட்டினால் முப்பத்தெட்டு, மூன்று வகுக்காது.
ஏழில் இரண்டு மிச்சம்.
பதினொன்றில் நான்கு, பதின்மூன்றில் எட்டு.
சுனீர் டீ குடித்துத் திரும்புவதற்குள்
அவ்வளவுதான் முடிந்தது.
சீட்டை அவனிடம் கொடுத்தேன், கார்பன் நகல் எனக்கு.
பின்னால் வந்த ஜல்லி லாரிக்கு 73939134.
பார்த்ததுமே இரண்டாகப் பிளந்தது,
பாவம்.

பிறகு பதினாறு இரவுகள்.
எண்ணாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்குள் இருக்கும்
பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும்,
அதைத் தாண்டத் தேவையில்லை.
ஆயிரத்துச் சொச்சம் வகுத்தல்கள்.
கெட்டுப்போன சீட்டுகளின் முதுகில் போட்டுப் போட்டு
விரல் நீலமானது.
"கணக்கு இடிக்குதாம்மா?" என்றார் மேனேஜர்.
"இல்ல சார், மிஞ்சுது" என்றேன்.
கல்லாப் பெட்டியை இரண்டு முறை எண்ணினார்.

பதினேழாம் இரவு சுனீர் வந்தான்.
"பேச்சித்தாய் சேச்சி,
புனலூர் முதலாளி வாடகை தரல்ல.
சீட்டுல நம்பர் முழுசா இல்லியாம்."
ஆரியங்காவு வளைவில் சாரல் அடித்திருக்கிறது,
திறந்த கண்ணாடி வழியே, வலப்பக்கம் மட்டும்.
7393
அதற்கப்புறம் ஊதா நிற ஈரம்.

கை சும்மா இருக்கவில்லை.
எண்பத்து மூன்று வரை வகுத்தேன். மசியவில்லை.
கட்டை விரலால் கடைசி மூன்றை மறைத்தேன்.
739. அதுவும் பகா எண்.
ஒன்பதை மறைத்தேன், 73.
இன்னும் ஒன்று.
7.

நகலை எடுத்து மற்றப் பக்கமிருந்து வந்தேன்.
73939.
739391.
7393913.
மழை எந்த இலக்கத்தோடு நின்றிருந்தாலும்
மிச்சம் இருப்பதை
யாராலும் பங்கு போட்டிருக்க முடியாது.

"லாட்டரி நம்பரா சேச்சி?"

புதுச் சீட்டுக்கு இருபது ரூபாய்.
ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுச் சரிபார்த்தான்:
ஏழு, மூந்நு, ஒம்பது, மூந்நு.
செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம்
மூன்று மூந்நாகிறது,
மீதி மாறுவதில்லை.
இந்த முறை சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

லாரி போனபின் ஓர் ஆசை.
வலப்பக்கம் இன்னொன்று சேர்த்தால்?
இரட்டைப்படை ஆகாது, ஐந்து ஆகாது.
ஒன்று வைத்தாலும் ஏழு வைத்தாலும்
மூன்று வந்து வகுத்துவிடும்.
மிச்சம் இரண்டே வாய்ப்பு:
மூன்று,
ஒன்பது.
பாவூர்ச்சத்திரத்துக் காய்கறி வண்டிகள் வர
இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.
மூன்றிலிருந்து தொடங்குகிறேன்.
பத்தொன்பது வரை வந்தாயிற்று, ஆறு மிச்சம்.
தகரக் கூரையில் சாரல்.