ஈர விளிம்பு

விற்பதென்று முடிவானபின்
படகைப் பாகம் பிரித்துக்கொண்டோம்:
இடப்பக்க மரவிளிம்பு எனக்கு,
வலப்பக்கம் டோர்கிரிமுக்கு.
வக்கீல் சொல்லி அல்ல. நாங்களாகவே.

ரிசோர் துறையில் மே மாதம்.
கட்டைகள்மேல் ஏறி நிற்கிறது படகு,
வயிற்றில் போன வருஷத்துச் சிப்பிகளோடு.
அவன் சுரண்டுவது எனக்குக் கேட்கும்.
நான் சுரண்டுவது
அவனுக்கும் கேட்டிருக்கும்.

பதினோரு கோடையின் வார்னிஷ்
சூட்டுக்காற்றில் குமிழ்விட்டுச் சுருண்டு
தகட்டில் வெல்லப்பாகாய் ஒட்டுகிறது.
அடியில் மகோகனி,
மழை புகுந்த இடமெல்லாம் கறுத்து.
அமிலம் தேய்த்துக் கழுவினேன்.
ஒரு திருகாணியைச் சுற்றி மட்டும் போகவில்லை கறை.
அவன் முடுக்கிய திருகாணி.
சொல்லவில்லை.

முதல் பூச்சு பாதிக்குப் பாதி டர்ப்பன்டைன்.
ஒரே மடக்கில் குடித்தது மரம்.
பிறகு பூசுவதும் தேய்ப்பதும்,
பேச்சென்றால் உப்புத்தாளின் எண்தான்.
"இருநூத்தி இருபதா?"
"முந்நூத்தி இருபது."
நாலாவது பூச்சில் பிர்ச் மகரந்தம்.
ஐந்தாவதில் ஒரு கொசு, ஆறு காலும் விரித்து.
தேய்த்தெடுத்தேன்.
ஓர் இறக்கை உள்ளேயே தங்கிவிட்டது.

ஏழாவதுதான் கடைசி.
சனிக்கிழமை அரெண்டாலிலிருந்து
பல் டாக்டர் ஒருவர் பார்க்க வருகிறார்.
கடைசிப் பூச்சில் ஈரம் ஈரத்தோடு சேரவேண்டும்.
ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால்
சேருமிடத்தில் கோடு விழும்.
பின்புறம் முதுகோடு முதுகாய்த் தொடங்கினோம்,
முன்முனையில் சந்திப்பதாக.

"எங்க இருக்கே?"
"மூணாவது கம்பி."
"வேகமாப் போறே. நில்லு."
"நின்னா காஞ்சிடும்."
"அப்ப நான் ஓடி வரேன்."
வழக்கு நடந்த ஒரு வருஷத்தில்
இத்தனை வார்த்தை செலவழித்ததில்லை.

முன்முனை.
அவன் தூரிகையைத் தூக்கிக்கொண்டான்.
நான் ஒரே இழுப்பாய் இழுத்து
அவன் ஈரத்துக்குள் ஒரு சாண் போய் விட்டேன்.
வெளிச்சத்துக்கு எதிரே குனிந்து
இரண்டு பேரும் பார்த்தோம்.
கோடில்லை.

அப்போதா வரவேண்டும் மழை?
தார்ப்பாய் சின்னது. போர்த்தினால் ஒட்டிக்கொள்ளும்.
ஆளுக்கொரு பக்கம் பலகைமேல் நின்று
தலைக்கு மேலே பிடித்திருக்கிறோம்,
படகு முழுக்க அல்ல,
அந்த ஒரு சாணுக்கு.
நாலு மணி நேரம், என்கிறது டப்பா.
"கை வலிக்குதா?" என்றான்.
இல்லை என்றேன்.
பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.