இருநூறு டிகிரி, ஐம்பது நொடி

இங்கே சாயம் நனைவதில்லை.
அதனால்தான் இந்தத் தொழிலைப் பிடித்தோம்.
காகிதப்பட்டறையில் எங்கள் குழாய்
எட்டு நாளுக்கு ஒருமுறை முனகும்.
அதில் துணியை முடிந்து, ஊறப்போட்டு,
நாலு தண்ணீர் அலச
யாரால் ஆகும்?

திடமாய்க் கிளம்பி
ஆவியாய்ப் போய்ச்சேருகிற நிறம் இது.
நடுவில் தண்ணீர் என்றொரு நிலையே கிடையாது.
பாலாற்றுப் பாலத்தில் தினம் போய்வருகிற எனக்கு
யாரும் இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

தாளில் பார்த்தால் எல்லாம் சீக்காளி நிறம்.
நீலம், வெளுத்த கரும்பலகை.
சிவப்பு, காய்ந்த செங்கல்.
"ஏமாந்துட்டோம்டி" என்றான் தேவசகாயம்.
இன்னும் பதினோரு தவணை பாக்கி.

அக்கினி நட்சத்திரத்தை மடித்து வைத்த தட்டை
அழுத்தி இறக்கினோம்.
இருநூறு டிகிரி. ஐம்பது நொடி.
தீய்ந்த பிளாஸ்டிக் வாடை.
தாளை உரித்தால்
மயில்கழுத்து!
பக்கத்து வீட்டு ஷாகிரா கதவைத் தட்டி
என்ன கருகுது என்று கேட்கும்வரை
இரண்டு பேரும் பேசவேயில்லை.

பாலியெஸ்டர் மட்டும்தான்.
பருத்தி ஒரே சலவையில்
எல்லாவற்றையும் மறந்துவிடும்.
"காட்டன்ல போடும்மா, வேர்க்குமே" என்பார்கள்.
வேர்க்கட்டும்.

சில சட்டையைக் கசக்கிச் சுருட்டி
அதன்மேல் தாளை வைப்பேன்.
மடிப்புக்குள் சூடு எட்டாத இடமெல்லாம்
வெள்ளைக் கீறல்,
ஒரு முடிச்சும் போடாமல்.

கொணவட்டம் பையன்கள் பதினான்கு பேர்
நெஞ்சில் ஊர்ப்பேர், சுற்றி வட்டச்சுழல் கேட்டார்கள்.
பதின்மூன்று சரியாக வந்தன.
கடைசிக்கு முன் கரண்ட் போய் வந்தது;
திருப்பி அச்சிடும் கட்டத்தில்
டிக் வைக்க மறந்தேன்.
ஊர் இடவலம் புரண்டு
முதலெழுத்தின் கொம்பு
கோடியில் போய் நின்று எதிர்ப்பக்கம் பார்த்தது.
துவைத்தாலும் போகாது, பிளீச்சுக்கும் போகாது.
ஆவி நூலுக்குள் நுழைந்து கதவைச் சாத்தியாயிற்று.

சட்டைக்காசு நட்டம் என்று
தனியே மடித்து வைத்திருந்தேன்.
வாங்க வந்த கோல்கீப்பர், மீசை முளைக்காதவன்,
அதைத்தான் எடுத்து மாட்டினான்.
போனைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து
"அக்கா, செல்ஃபில நேரா வருது" என்றான்.

மறுநாள் சாயங்காலம் மற்ற பதின்மூன்று பேரும்
படியில் நிற்கிறார்கள்,
சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு.
தேவசகாயம் என்னைப் பார்க்கிறான்.
நான் புதுக் கட்டைப் பிரிக்கிறேன்,
கணக்கு அப்புறம்.

மெஷின் நூற்று எண்பதில் நிற்கிறது.
இன்னும் இருபது ஏற வேண்டும்.