எல்.கே.ஜி. ‘ஆ’ பிரிவு, ஐப்பசி மூன்றாம் வாரம்

சென்னையிலிருந்து வந்த பாடத்திட்டத்தில்
இந்த வாரம் இலையுதிர் காலம்.
ஐந்து விரல் விரித்த ஆரஞ்சு இலை,
கழுத்தில் கம்பளி சுற்றிய அணில்.
முக்கூடலுக்கு அப்படியொரு காலம் வந்ததில்லை.
கார் உண்டு, பிசானம் உண்டு,
நடுவில் ஆற்றில் செந்தண்ணி உண்டு.

திங்கள்கிழமை
இருபத்தாறு பேருக்கு மூன்று ஆரஞ்சு கிரேயான்.
பதினொன்றரைக்குள் அது ஏழு துண்டு;
ஒரு துண்டு ஹனீபாவின் வாயில்.
இலை ஏன் விழுது என்று கேட்டேன்.
“அதுக்கு ஒறக்கம் வந்துட்டு.”
“கை வலிக்கும்லா மிஸ், எம்புட்டு நேரந்தான் தொங்கும்?”
“அவங்க அம்மை ஏசிட்டா.”
உச்சிமாகாளி எழுந்து நின்று சொன்னான்:
“அதுக்கு ஒண்ணுக்கு வந்துட்டு.”
வகுப்பே சிரித்தது.
சிரித்து முடித்ததும் பாதிப் பேருக்கு வந்துவிட்டது.
வரிசையாகக் கூட்டிப் போனேன்.
பாடம் அந்த இடத்தில் நின்றது.

மறுநாள் ஆளுக்கோர் இலை.
வேப்பிலை பதினான்கு.
முருங்கைக் கொத்து ஒன்று,
அதை ஆயா செல்லக்கிளி ரசத்துக்கு வாங்கிக்கொண்டாள்.
சாம்பார் காய்ந்த வாழைநுனி.
வாட்சப்பைக் காலையில்தான் பார்த்த ஓர் அப்பா
அவசரமாய் வெட்டிக் கொடுத்த காகித இலை.
முத்துப்பேச்சி
ஈரத்துணிச் சுருளைப் பிரித்து எடுத்தாள்,
தகடு வைத்து நீள்சதுரமாய் நறுக்கிய பீடி இலை.
“இலைக்கு மூலை கெடயாதுல்லா?” என்றான் ஜோஷ்வா.
“எங்க வீட்டுல உண்டு.”

அத்தனையிலும்
படத்தின் நிறத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தது
அது ஒன்றுதான்.
எந்தக் காட்டில் பறித்தது என்று
யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.
எனக்கும் தெரியாது.

சார்ட்டின் நடுவில் ஒட்டினேன்.
தாளாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
“பீடி இலையா டீச்சர்?
யாராவது போட்டோ எடுத்துட்டா?” என்றார்.
எடுக்கட்டுமே என்று நான் சொல்லவில்லை.
கிழிக்கவும் இல்லை.
கதவைத் திறந்தால் மறைந்துபோகிற சுவரில்
அதை மாட்டினேன்.
சாரல் அடிக்கிறதென்று
கதவைச் சாத்தியே பாடம் நடத்தினேன்.

புதன், கலெக்டர் லீவு.
வியாழனும்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் பத்தொன்பது பேர்.
பசை ஊறி வேப்பிலைகளில் பாதி
சார்ட்டிலிருந்து தரைக்கு வந்திருந்தன.
பாடம் தானாக நடந்திருக்கிறது.
பெருக்க மனம் வராமல்
அதன் மேலேயே பாயை விரித்து விளையாட்டு:
நான் காற்று, அவர்கள் இலை,
‘ஊ’ என்றதும் விழ வேண்டும்.
விழுந்தார்கள்,
விழுந்த வேகத்தில் எழுந்தார்கள்,
இன்னொருக்க மிஸ், இன்னொருக்க மிஸ்.
ஒன்பது முறை காற்றானேன்.
தொண்டை கட்டிக்கொண்டது.
உச்சிமாகாளி மட்டும் கடைசிவரை விழவில்லை.
“நான் வேப்பில மிஸ். சாமிக்கு உள்ளது.
விழாது.”
பாய்க்கடியில் கிடந்ததை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

பத்தாவது காற்றுக்குப் பிறகு
முத்துப்பேச்சி எழவில்லை.
கிட்டே போய்ப் பார்த்தால்
பாயின் கோடு கன்னத்தில் பதிய,
வாய் லேசாகத் திறந்து,
நல்ல உறக்கம்.
திங்களன்று எவனோ சொன்னது சரிதான்.

பன்னிரண்டரைக்கு அவள் அம்மா வந்தாள்.
தலையில் உரச்சாக்குக் கொங்காணி,
விரல் இடுக்கில் புகையிலைத் தூள்.
கையைச் சேலையில் இரண்டு தரம் துடைத்தாள்.
எழுப்பவில்லை.
குனிந்து
உதிர்ந்ததை அள்ளித் தோளில் போட்டு,
சாக்கைக் கழற்றி அதன்மேல் மூடி,
தான் நனைந்துகொண்டு போனாள்.

அவள் வந்து போனவரை
கதவு முழுக்கத் திறந்து கிடந்தது.
சார்ட்டை அவள் பார்க்கவில்லை.