கூப்பிடு தூரம்

சனவரி நான்கு.
யானா ஆற்று வளைவில், வானிலை நிலையத்தின் கதவைத்
தோளால் இடித்துத் திறக்கிறாள் சர்கிலானா.
மூன்று மணிக்கொரு முறை பார்த்து எழுத வேண்டும்.
இது காலை ஒன்பது. கும்மிருட்டு.
பாதரசம் கல்லாகிவிடும் ஊர்;
குழாயில் சாராயம் அடைத்திருக்கிறார்கள்.
இங்கே உறையாமல் உண்மை பேசுவது அது ஒன்றுதான்.
மைனஸ் ஐம்பத்து நான்கு.
பேனா எழுதாது. பென்சில்.

விட்ட மூச்சு பொடிப்பனியாகிக்
காதோரம் சரசரவென்று உதிர்கிறது.
நட்சத்திரங்களின் கிசுகிசுப்பு என்பார்கள் ஊரில்.
அவளுக்கு அது மாவு சலிக்கும் சத்தம்.

பதிவேட்டின் ஓரத்தில்
யாரும் கேட்காத ஒரு வரியையும் எழுதுகிறாள்:
'இந்த நாட்களில்தான் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறோம்.
பதினான்கு கோடியே எழுபத்தொரு லட்சம் கிலோமீட்டர்.'

அருகில்.
நண்பகலில் தெற்கு மலைக்குப் பின்னால்
அடுப்பு வாய்போல் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது.
தேநீர் ஆறுவதற்குள் அதுவும் போயிற்று.
கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டு
ஓரக்கண்ணால் பார்த்துப் போகிற சொந்தம்.
இல்லை, முகம் திருப்பியது நாம்தான்.
இருபத்து மூன்றரைப் பாகைச் சாய்வு,
அந்த ஒரு கழுத்துத் திருப்பலில்
அடுப்பு இருந்தும் குளிர்.

வைரச் சுரங்கத்திலிருந்து விடுப்பில் வந்த கெஸ்கில்
கட்டிலில் படுத்தபடியே கேட்கிறான்:
'இன்னும் கொஞ்சம் கிட்டே போனால்?'
'வெள்ளியைப் போய்க் கேள். ஈயம் உருகுகிறதாம்.'
'எட்டி நின்றால்?'
'செவ்வாய்.'
'நம்மைப் போலத்தான்' என்று சிரிக்கிறான்.
'நம்மைப் போல இல்லை' என்கிறாள்.
'நமக்கு நடுவே இருப்பது சாய்வில்லை, கட்டாத விறகுக் காசு.'

சூலையில் பூமி மிகத் தள்ளி நிற்கும்,
ஐம்பது லட்சம் கிலோமீட்டர் அப்பால்.
அப்போதுதான் இங்கே முப்பத்து நான்கு பாகை,
உறங்கப் போகாத சூரியன்,
கொசுக்கள், காடு எரியும் புகை,
கன்றின் மூக்கில் கரி.
போன சூலையில் ஆற்றங்கரை ஒரு துண்டு சரிந்தது.
உறைமண்ணிலிருந்து ஒரு குதிரைத் தாடை வெளியே வந்தது,
பல்லிடுக்கில் இன்னும் புல்.
அந்தக் குதிரை மேய்ந்த காலத்தில்
பூமியின் பாதை வேறு நெளிவு, வேறு சாய்வு.
அது மாற ஆயிரம் ஆயிரமாக ஆண்டுகள் எடுத்தன;
பனி போய்ப் புல் வந்தது, புல் போய்ப் பனி வந்தது.
அவளுடைய நிலவறை சொட்டத் தொடங்க
இருபது கோடைகள் போதுமாயின.
மீன்களை மேல்தட்டுக்கு மாற்றினாள்,
பிறகு அதற்கும் மேலே.
பிறகு பழைய பதிவேடுகளை எடுத்துக்
கணக்குப் போட்டுப் பார்த்தாள்.
தூரம் மாறவில்லை.
சாய்வும் மாறவில்லை.
சூரியன்மேல் பழி போட வழியில்லை.

மூன்று மணி. மீண்டும் இருட்டு. மைனஸ் ஐம்பத்து மூன்று.
இதே பெட்டிக்குள் எட்டிப் பார்த்து
அறுபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர்
மைனஸ் அறுபத்தொன்று என்று எழுதியிருக்கிறார்,
கோழிக்கிறுக்கலாக, விரல் விறைத்த கையால்.

வெளியே குதிரைகள் குளம்பால் பனியைக் கிளறிப்
போன கோடையைத் தின்கின்றன.
கொட்டிலில் பசுவுக்கு
முயல்தோல் மடிக்கச்சையை இறுக்கிவிட்டு
வைக்கோல் போரை எண்ணுகிறாள்.

கிட்டே வந்தால் பூமிக்கு ஓட்டம் கூடும்.
அதனால் கோடையைவிட நம் குளிர்காலம்
நாலரை நாள் குறைவு.
இத்தனை அருகில் வந்து போனதற்குச்
சூரியன் வைத்த மொய் அவ்வளவுதான்:
நாலரை நாள் வைக்கோல்.

ஒரு கட்டைப் பிரித்துப் போடுகிறாள்.
பசு அவளைப் பார்க்காமல் மெல்லுகிறது.