கன்னக்கட்டை

மின்விசிறியை அணைத்துவிடுவார்கள்.
காற்று பட்டால் காகிதக் குறி ஆடும்.
சேத்துப்பட்டில், ரயில் மதிலை ஒட்டிய
பழைய பேட்மிண்டன் கூடம்.
அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலாம் நாள்.
கித்தானும் தோலும் சேர்த்துத் தைத்த சட்டைக்குள்
இருபத்திரண்டு பிள்ளைகள்
அசையாமல் நிற்கப் பழகுகிறோம்.

முதல் வாரம் குண்டே தரவில்லை.
வெள்ளைச் சுவரைக் குறிபார்க்கச் சொன்னார்கள்.
சுவரில் ஒன்றுமில்லை.
அங்கேதான் தெரிந்தது
நான் எவ்வளவு ஆடுகிறேன் என்று.
குழல் நுனி வரைந்துகொண்டே இருந்தது
படுத்துக் கிடக்கும் ஓர் எட்டை,
புதுப் பேனா வாங்கியவன்
கையெழுத்துப் போட்டுப் பார்ப்பதுபோல.

சொந்த ரைஃபிள் உள்ளவர்கள்
நீளப் பெட்டியைக் காரிலிருந்து இறக்குவார்கள்.
எங்களுக்குக் கிளப்பினுடையது. எண் ஐந்து.
ஆறு மணிக்குத் தஸ்லீமா, பத்தரைக்கு மேல் நான்.
சட்டையும் ஒன்றுதான்.
அவள் வியர்வை ஆறுமுன்
என் முதுகு உள்ளே போகும்.
"ஈரமா இருக்கும், பாத்துக்கோ" என்பாள்.
அதற்குமேல் பேசியதில்லை.

அவளுக்குக் கன்னம் மேடு. எனக்குத் தாழ்வு.
கன்னக்கட்டையின் தண்டில்
அவள் நீல மையால் ஒரு கோடு போட்டிருந்தாள்,
நான் அக்காவின் நகப்பூச்சால் சிவப்பு.
நடுவே நாலு மில்லிமீட்டர்.

பத்து என்பது ஒரு வெள்ளைப் புள்ளி.
கசகசாவில் பாதி.
மூச்சை நிறுத்திவிடலாம்,
இதயத்தை என்ன செய்வது?
வளையத்துக்குள் கறுப்பு துடிக்கும்.
இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு சந்து;
புரசைவாக்கத்தில் இரண்டு ஆட்டோவுக்கு நடுவே
நுழைவதுபோல நுழைந்துவிட வேண்டும்.
அந்த நேரம் பார்த்துத் தாம்பரம் வண்டி வரும்.
காதுக்கு முன்னே உள்ளங்காலுக்குத்
தரை சொல்லிவிடும்.
இறக்கு.
சுடாமல் இறக்கும்போதுதான்
தோள் அதிகம் வலிக்கும்.

பதினாறாம் நாள் கவனித்தேன்:
இத்தனை நாளில் ஒருமுறைகூட
நான் அந்தத் திருகைத் தொட்டதில்லை.
எடுக்கும்போதெல்லாம் கட்டை
என் சிவப்பில் நின்றிருக்கிறது.
காலையில் வந்து அவளே ஏற்றியிருக்கிறாள்,
கிளம்பும்முன் அவளே இறக்கியிருக்கிறாள்.
நான் முடித்த கையோடு
அப்படியே பெட்டிக்குள் போட்டு
பஸ்ஸுக்கு ஓடியிருக்கிறேன்.

இன்று ஏற்றி வைத்துவிட வேண்டும்
என்று நினைத்துக்கொண்டேதான் சுட்டேன்.
பிறகு பசி, அம்மாவின் போன்,
புள்ளிக்கணக்கில் ஒரு தகராறு.
மறந்துபோனேன்.
மறுநாளும்.

கடைசி நாள் போட்டிக்கு அவள் வரவில்லை.
வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே
பென்சிலில் ஒரு சின்னக் கோடு.
இரண்டாம் தவணை கட்டலையாம் என்றான் ஒருவன்.
அம்மை போட்டிருக்காம் என்றாள் ஒருத்தி.
மே மாதத்தில் இரண்டும் நடக்கும்.

நாற்பது குண்டு.
முந்நூற்று எண்பத்து நாலு புள்ளி இரண்டு.
எனக்கு இதுவரை வந்ததில் இதுதான் அதிகம்.
யாரோ கைதட்டினார்கள்.
சட்டை காய்ந்து மொடமொடவென்று கிடந்தது அன்று,
முதுகில் உப்பு உறுத்தியபடி.

எல்லோரும் சான்றிதழுக்கு வரிசை கட்டியபோது
திருகுச்சாவி கேட்டு வாங்கினேன்.
எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.
முதலில் இன்னும் கீழே போயிற்று.
பிறகு ஏறியது.
சிவப்பைத் தாண்டி,
ஒன்று, இரண்டு, மூன்று,
நீலம்.
இறுக்கும்போது கை ஆடியது,
சுவரில் எட்டு வரைந்த அதே ஆட்டம்.

பொறுப்பாளர் பெட்டியை வாங்கி
அலமாரியில் வைத்துப் பூட்டினார்.
அடுத்த முகாம் வரை யாரும் திறக்கமாட்டார்கள்.
திறப்பவர் கன்னம் எப்படி இருக்குமோ.

வெளியே கடற்காற்று எழும்பியிருந்தது.
நிலைய வாசலில் நாலு நுங்கு வாங்கினேன்.
வண்டி இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை,
உள்ளங்கால்கள்
தாமாக இறுகின.