ஏழாவது ஜோடி

எழுமலை சாலையில் குழிக்குள் இறங்கி
நூறு ஜோடிக் கேபிளை அறுத்தேன்.
பலாப்பிசின் மாதிரி ஜெல்லி வழிந்தது.
முப்பது வருஷம் மழையை உள்ளே விடாத ஜெல்லி,
என் விரலை விட்டுப் போக
மண்ணெண்ணெய் கேட்கிறது.

நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல்.
செம்புக்கு இருந்த வரிசைதான் கண்ணாடிக்கும்.
ஐ.டி.ஐ.யில் இரண்டு முறை நான் தோற்ற பாடம்
இன்னும் செல்லும்.

கண்ணாடி நாரை உரித்து, ஸ்பிரிட்டில் துடைத்து
மெஷின் வாய்க்குள் வைக்கிறேன்.
பொட்டளவு மின்னல்.
ஒட்டிக்கொண்டது என்கிறது திரை.
வெட்டி விழுந்த துணுக்கு கண்ணுக்குத் தெரியாது,
சதைக்குத் தெரியும்.
டேப்பில் ஒற்றி ஒற்றி எடுத்து
எண்ணி மூடிய பிறகுதான் தூக்குவாளியைத் திறப்பேன்.

துணை சுகாதார நிலையத்தில் ஜெசிந்தா சிஸ்டர்
சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியை
ஊசி மருந்தின் தேதி பார்ப்பதுபோல் பார்த்தார்.
"கரண்ட் போனா?"
"பேட்டரி நாலு மணி நேரம் நிக்கும் சிஸ்டர்."
"அப்புறம்?"

மேஜையில் இருந்த பழைய போன்
ஒருநாளும் பிளக் கேட்டதில்லை.
ஒன்பது கிலோமீட்டர் தள்ளி
எக்ஸ்சேஞ்ச் பேட்டரிகள்
செம்பு வழியே அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தன.
கண்ணாடி வெளிச்சத்தைத்தான் கொண்டுவரும்,
சோறு கொண்டுவராது.
"வலி வந்தவகிட்ட நாலு மணி நேரத்துக்குள்ள முடிம்மான்னு
நீ வந்து சொல்றியா?"

சாயங்காலம் திரும்பவும் குழிக்குள் இறங்கினேன்.
சிவப்பு, ஆரஞ்சு. ஏழாவது ஜோடி.
அறுத்த முனைகளைத் தேடி முறுக்கி
மேலே டேப் சுற்றினேன்.
சிஸ்டர் பக்கம் போகும் அறுநூறு மீட்டரை
மண்ணுக்குள்ளேயே விட்டேன்.

தராசில் இருபத்தோரு கிலோ குறைந்தது.
மொக்கராசு பென்சிலைக் காதில் செருகினார்.
"என்னாச்சு?"
"பாறைண்ணே. தோண்ட முடியல."
"கரிசல்ல பாறையா?"
"ஆமாண்ணே."
குழியையும் என் நகக்கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.
'பாறை' என்று எழுதினார்.
கூலியில் முந்நூறு பிடித்தார்.
ஏன் முந்நூறு என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

மார்ச் முடிந்தால் எக்ஸ்சேஞ்ச் பேட்டரிக்கும் ஏலம்.
சோலார் கேட்டு சிஸ்டர் எழுதியது
மூன்றாவது மனு.

ஐப்பசியில் ஓர் இரவு, மணி ரெண்டே கால்.
உசிலம்பட்டி அறையில் என் செல்போன் அடித்தது.
"ஏழு மணிக்குப் போன கரண்ட்.
உன் பொட்டி செத்துப்போச்சு.
பழசுல ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்.
உங்கிட்டயும் ஒரு வார்த்தை..."
கொரகொரவென்று இரைச்சல்.
முறுக்கிய இடத்தில் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும்.
அதற்குள் யாரோ வெந்நீர் கேட்டார்கள்.
சிஸ்டர் ரிசீவரைத் தாங்கியில் வைக்கவில்லை,
மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

நான் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.