நானூற்று முப்பத்தெட்டாம் கட்டை

சீனி கூடிவிட்டது, தினம் மூன்று கட்டை நட என்று
கிளினிக்கில் எழுதித் தந்தார்கள்.
எங்கே நடக்கிறது என்று எழுதவில்லை.
எமிலியாதான் அந்தத் தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.
முதல் பக்கத்தில் வரைபடம்:
கடலோரப் பட்டினம், சாம்பல் காடு, ஏழு ஆறு,
கடைசியில் கொல்லன் குடியிருக்கும் மலை.
நாவில்லாத மணி ஒன்றைச் சுமந்துகொண்டு
ஒருத்தி அங்கே போகிறாள்,
அதற்கு ஒரு நா வார்த்து வாங்க.

தையல் நூலை வளைவுக்கு வளைவு ஒட்டிப் பிடித்து அளந்தோம்.
அறுநூற்றுப் பதினொரு கட்டை.
"பண்ணை றோட்டாலை போனால் காணும்" என்றாள்.
சட்டம் ஒன்றே ஒன்று:
நடந்த தூரம் வரைக்கும்தான் வாசிக்கலாம்.

பின்னேரம் ஐந்தரை. இரண்டு பக்கமும் இறால்கூட்டுத் தடிகள்,
தடிக்கொரு நீர்க்காகம்.
எங்களுக்கு அது சாம்பல் காடு.
"இருட்டுமுன்னம் ஆற்றைத் தாண்டவேணும்,
காவல்காரர் கண்டால் மணியைப் பறிப்பாங்கள்"
நான் சொன்னது சோதனைச் சாவடிப் பெடியனுக்குக் கேட்டுவிட்டது.
எங்கே போறது என்றான், உடைந்த தமிழில்.
"மலைக்கு" என்றாள் எமிலியா.
அவன் நாலு திசையும் பார்த்தான்.
பனைக்கு மேல் எதுவும் வளராத ஊர்.

முதல் கணவாய் வந்த கிழமை
கோட்டைக் கொத்தளத்தில் ஏறி இறங்கினோம், பதினாறு தரம்.
குடைக்குள் இருந்த சோடி ஒன்று
எழும்பி வேறிடம் போனது.

கைபேசி பொய்யும் சொல்லும்.
கோப்பாய் பஸ்ஸின் குலுக்கலை
ஆயிரத்து நூறு அடியாய் எண்ணி வைத்தது.
கழிக்கவேணும் என்றேன்.
"அவளும் மூரன்ரை கழுதையிலை இருபது கட்டை போனவள்தானே,
கிடக்கட்டும்."

மூரன், கோவேறு கழுதைக்காரன்.
வாய் ஓயாமல் கழுதையை ஏசுவான்.
மழையிலும் மூன்று கல் கூட்டித் தேத்தண்ணி வைப்பான்,
முதல் கோப்பை மற்றவர்களுக்கு.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில்
நாவற்குழிப் பாலத்தில் விடிய விடிய நடந்ததை
கொப்பியின் தொடக்கத்தில் சேர்ப்பமோ என்று ஒருநாள் கேட்டேன்.
"அது வேறை" என்றாள்.
சேர்க்கவில்லை.

நானூற்று முப்பதுக்குப் பிறகு எமிலியா பிந்தத் தொடங்கினாள்.
சப்பாத்துக் கடிக்குது. மழைக்குணமாய்க் கிடக்கு.
பாசையூரில் பூசை.
ஒரு கிழமைக்கு இரண்டே இரண்டு கட்டை.
புத்தகம் என் முறைக்கு வந்த இரவு கண்டேன்,
நாங்கள் இன்னும் போகாத ஒரு பக்கத்தில்
மஞ்சள் விரலடையாளம், மீன்குழம்பு.
நானும் வாசித்தேன்.
ஆற்றின் நடுவில் கயிறு அறுகிறது.
மூரனுக்கு நாலே வரி.
கழுதை கரை சேர்ந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தோம்.
பண்ணையில் எரியாத ஒரு விளக்குக் கம்பத்தடி.
"இஞ்சைதான்" என்றாள், பார்த்தேனா என்று கேட்காமலே.
நின்றோம். தண்ணீர் முழங்காலளவுகூட இல்லை,
ஒருவர் நண்டு வலையை உதறிக்கொண்டிருந்தார்.
ஓட்டோ ஒன்று வேகம் குறைத்தது: "அக்கா, ஏறுறீங்களோ?"

எமிலியா திரும்பினாள்.
"வாரும். நானூற்றிருபதிலை அவன்
தேத்தண்ணி வைச்சுக்கொண்டிருப்பான்."

அன்றிலிருந்து கொப்பியில் கழித்தல் குறி.
நடக்க நடக்கத் தூரம் குறைகிறது,
சீனியும் குறைகிறது. நேர்ஸுக்குச் சந்தோசம்.
கொல்லன் உலையை ஊதிக்கொண்டு இருக்கட்டும்.
நேற்று முந்நூற்றுத் தொண்ணூற்றாறு,
மூரன் கழுதையின் தாயையும் சேர்த்து ஏசுகிற இடம்.
எமிலியா பாலத்து மதிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவனை முதன்முதல் சந்திக்கிற சத்திரம்
நூற்றெழுபதில் இருக்கிறது.
அதற்கும் கீழே போனால் மூரன் எங்களுக்கு யாரோ.
எமிலியா கணக்கில் கொஞ்சம் மந்தம்.
நான் இன்னும் சொல்லவில்லை.
இரண்டரை மாதம் கிடக்கு.